விவசாயக் கல்லூரி மாணாக்கரும் சுயதொழில் ஊக்கமும்

நிலமுள்ள குடும்பத்தார் தம் மகனையோ மகளையோ விவசாயக் கல்லூரியிற் சேர்க்கும்பொழுது, அவர்கள் உள்ளத்தில் இரண்டு எண்ணங்கள் இருப்பது இயல்பு. படிப்பு முடிந்தவுடன் நல்ல உத்தியோகம் ஒன்று கிடைக்கும் என்பது முதல் எண்ணம். அது வாய்க்காவிடினும் குடும்ப நிலத்தையாவது முறையாகப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டாகும் என்பது இரண்டாவது எண்ணம். நான்கு ஆண்டுகள் கழிகின்றன. பட்டம் கைக்கு வருகிறது. உத்தியோகத்திற்குரிய தேர்வுகளை எழுதிக்கொண்டு சில காலம் காத்திருக்க நேருகிறது. இதனிடையில் நிலமோ முன்போலவே குத்தகையிலோ, வயது முதிர்ந்த தகப்பனாரின் மேற்பார்வையிலோ நடந்துவருகிறது. மண்ணின் தன்மையையும் பயிரின் நோயையும் கற்றவர் வீட்டிலேயே இருந்தும், அவர் கற்றது வயலுக்கு வந்து சேர்வதில்லை. எல்லாக் குடும்பங்களிலும் இந்நிலை உண்டென்று கூறுவதற்கில்லை. எனினும் இதற்கு உதாரணம் தேடி நெடுந்தூரம் போகவேண்டியதும் இல்லை.

காரணம் யாது என்று கேட்டால், 'இக்காலத்துப் பிள்ளைகளுக்கு மண்ணில் இறங்க மனமில்லை' என்று பெரியோர் கூறுவர். 'எங்களை நம்பி ஒரு காணி நிலத்தையும் விடமாட்டார்கள்' என்று பிள்ளைகள் கூறுவர். இரண்டு கூற்றுகளிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் குறை கூறுவதனால் பயன் விளையாது. சுயதொழில் செய்யும் ஊக்கம் பிறவிக்குணமா, பயிற்சியால் வளரத்தக்கதா, வளருமாயின் எவ்விதமான பயிற்சியால் வளரும் என்னும் கேள்விகளை அறிஞர் பலர் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகச் சோதித்துப் பார்த்துவருகின்றனர். அச்சோதனைகளுட் சில, நிலமுடையோர்க்கு நேரே பயன்படத்தக்கவை. அவற்றை எடுத்துக் கூறி, கல்லூரியில் பயிலும் பிள்ளைகளின் ஊக்கம் குன்றாதிருக்க வீட்டாரும் ஊராரும் செய்யத்தக்கவை யாவை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்லூரியின் பழைய நோக்கம்

சைதாப்பேட்டையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏற்பட்ட விவசாயக் கல்விச் சாலை 1906ஆம் ஆண்டில் கோயமுத்தூருக்கு மாற்றப்பட்டது. 1920இல் அக்கல்லூரி சென்னைச் சர்வகலாசாலையுடன் இணைக்கப்பெற்றது. 1971இல் தமிழ்நாடு விவசாயப் பல்கலைக்கழகம் தனியே நிறுவப்பட்டது. விவசாய இலாகாவுக்கு வேண்டிய உத்தியோகஸ்தர்களையும் ஆராய்ச்சியாளர்களையும் பயிற்றுவிப்பது தொடக்கக் காலத்தில் இக்கல்லூரியின் முக்கியமான பணியாக இருந்தது. அப்பணி செவ்வனே நிறைவேறியது. அன்று ஆண்டுதோறும் பட்டம் பெற்றவர் சிலரே. அவர்களுக்கு இலாகாவில் இடம் இருந்தது.

இன்று நிலைமை வேறு. விவசாயக் கல்லூரிகள் பல மாவட்டங்களில் ஏற்பட்டுள்ளன. பட்டதாரிகள் அனைவர்க்கும் சர்க்கார் உத்தியோகம் அளிப்பது எந்த இலாகாவுக்கும் இயலாத காரியம். ஆகவே பட்டதாரி ஒருவர் தாமே ஒரு தொழிலை ஏற்படுத்தி, தம் சொந்தப் பொறுப்பில் நடத்தி, முடியுமாயின் பிறர்க்கும் வேலை அளிக்கவேண்டும் என்னும் கருத்து வலுப்பெற்றது. விதை உற்பத்தி, நாற்றங்கால், காளான் வளர்ப்பு, தேனீ வளர்ப்பு, உயிர் உரம் தயாரித்தல், கருவிகளை வாடகைக்கு விடுதல், விளைபொருளைப் பக்குவம் செய்து விற்றல் ஆகியவை இவ்வகைத் தொழில்கள். இவற்றுக்கு ஆயத்தம் செய்யும் படிப்பையே தொழில் முனைவுக் கல்வி என்று வழங்குகின்றனர்.

இக்கல்வியில் இரு பகுதிகள் உண்டு. கணக்கு வைத்தல், சந்தை நிலவரம் அறிதல், கடன் வாங்கும் முறை முதலியவை அறிவின்பாற்பட்டவை. இவற்றைப் புத்தகத்தாலும் ஆசிரியராலும் கற்பிக்கலாம். தானே முன்வந்து ஒன்றைத் தொடங்கி, இடையூறு வரினும் கைவிடாது நடத்தும் ஊக்கம் மற்றொரு பகுதி. கேள்வியெல்லாம் இந்த இரண்டாவது பகுதியைப் பற்றியதே.

காக்கிநாடாவில் நடந்த சோதனை

அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையில் மனோதத்துவப் பேராசிரியராக இருந்த டேவிட் மெக்லெலண்டு என்பவர், காரியசித்தியில் நாட்டம் மிகுந்தவர்களின் குணங்களை நெடுங்காலம் ஆராய்ந்தவர். அவர் நடத்திய எளிய சோதனை ஒன்று உண்டு. தரையில் ஒரு முளையை நட்டு, கையில் சில வளையங்களைக் கொடுத்து, எவ்வளவு தூரத்தில் நின்றேனும் வளையத்தை முளையில் மாட்டும்படி எறியலாம் என்று சொல்வர். சிலர் முளையின் அருகிலேயே நின்று தவறாமல் மாட்டுவர். சிலர் வெகுதூரம் போய் நின்று, விழுந்தால் அதிர்ஷ்டம் என்று எறிவர். காரியசித்தியில் நாட்டம் மிகுந்தவர்களோ, எளிதும் அன்று, இயலாததும் அன்று என்னும்படியான நடுத்தூரத்தில் நிற்க விரும்புவர். தம் திறமையால் வெற்றி தோல்வி நிச்சயமாகும் இடம் அதுவே என்பது அவர்கள் உணர்வு.

சாகுபடியிலும் இம்மூவகையினரைக் காணலாம். பக்கத்து வயலில் நட்டதையே நட்டு, புதிதாக ஒன்றையும் தொடாதவர் முளையின் அருகில் நிற்பவர். சென்ற ஆண்டு வெங்காயம் நல்ல விலைக்குப் போயிற்று என்று கேட்டு, கடன் வாங்கி நிலம் முழுவதிலும் வெங்காயம் வைப்பவர் வெகுதூரத்தில் நிற்பவர். ஒரு பகுதியில் மட்டும் புதுப்பயிர் வைத்து, கணக்குப் பார்த்து, அடுத்த பட்டத்தில் கூட்டவோ குறைக்கவோ செய்பவர் நடுத்தூரத்தில் நிற்பவர்.

இவ்வித நாட்டத்தைப் பயிற்சியால் வளர்க்க முடியுமா என்று பார்க்க, 1964ஆம் ஆண்டில் ஆந்திர தேசத்துக் காக்கிநாடாவிலிருந்து வியாபாரிகளையும் சிறுதொழில் நடத்துவோரையும் தேர்ந்தெடுத்து, ஐதராபாத்திலிருந்த சிறுதொழில் விரிவாக்கப் பயிற்சி நிலையத்தில் சுமார் பத்து நாள் பயிற்சி அளித்தனர். தாம் எதை நோக்கி உழைக்கிறோம் என்பதைக் கதையாக எழுதிப் பார்த்தல், நஷ்டத்திற்கு இடமுள்ள விளையாட்டுகளில் தம் போக்கைத் தாமே கவனித்தல், ஊருக்குத் திரும்பியபின் செய்யப்போவதை அளவோடு திட்டமிடுதல் ஆகியவை பயிற்சியின் பகுதிகள். பின்னர்ச் சில ஆண்டுகள் கழித்து அவர்களது தொழில் நிலையை ஆராய்ந்தனர். பயிற்சி பெற்றோரில் ஏறக்குறைய பாதிப்பேர் தொழிலை விரிவுபடுத்துதல், புதிய தொழில் தொடங்குதல் முதலிய முயற்சிகளில் இறங்கியிருந்தனர். பயிற்சி பெறாதோரில் அவ்வாறு செய்தவர் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கினரே. பழைய ஆசாரங்களைக் கடைப்பிடிப்பது முயற்சிக்குத் தடையாக இருக்கவில்லை என்பதும் அங்கே தெரியவந்தது. மெக்லெலண்டும் அவருடன் பணியாற்றிய டேவிட் வின்ட்டரும் இவ்விவரங்களை 1969இல் நூலாக வெளியிட்டனர்.

இச்சோதனையில் நிலமுடையோர் முக்கியமாகக் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. பயிற்சியின் பயன், தொழிலில் முடிவு செய்யும் அதிகாரம் தம் கையிலேயே இருந்தவர்களிடந்தான் நன்கு வெளிப்பட்டது. பிறர் உத்தரவுப்படி நடக்கவேண்டியிருந்தவர்கள் பயிற்சி பெற்றும் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஊக்கம் வந்தும் அதைச் செலுத்த அவர்களுக்கு இடமில்லை. படித்த பிள்ளைக்கு ஊக்கமில்லை என்று கூறுமுன், அவன் தன் விருப்பப்படி எதையேனும் முடிவு செய்ய இடம் கொடுக்கப்பட்டதா என்று கேட்டுக்கொள்வது நியாயம்.

ஐரோப்பியக் கல்லூரிகள் கண்ட உண்மை

காக்கிநாடாவில் பயிற்சி பெற்றவர்கள் ஏற்கெனவே தொழிலில் இருந்தவர்கள். தொழிலையே காணாத கல்லூரி மாணாக்கரிடம் இத்தகைய கல்வி என்ன பயனைத் தருகிறது என்பதை அறிய, நெதர்லாந்து நாட்டு அநுபவம் உதவுகிறது. அந்நாட்டில் அவான்ஸ் என்னும் உயர்கல்விச் சாலை பிரேடா, டென்போஷ் முதலிய ஊர்களில் நடைபெறுகிறது. பிரேடாவில், மாணாக்கர் குழுவாகச் சேர்ந்து ஓராண்டு முழுவதும் ஒரு சிறு கம்பெனியை நடத்தவேண்டும் என்னும் கட்டாயப் பாடம் இருந்தது. அவர்கள் பங்குகள் விற்று முதல் திரட்டி, ஒரு பொருளைச் செய்தோ வாங்கியோ விற்று, ஆண்டு முடிவில் கணக்கு முடித்துக் கம்பெனியைக் கலைக்கவேண்டும். டென்போஷில் அந்தப் பாடம் இல்லை. ஆகவே இரண்டு ஊர் மாணாக்கரையும் ஒப்பிட்டுப் பார்ப்பது எளிதாயிற்று. 2005-2006ஆம் கல்வியாண்டில் ஆண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் இரு சாராரிடமும் கேள்விகள் கேட்டு ஆராய்ந்த ஊஸ்டர்பேக் முதலிய அறிஞர் மூவர், முடிவை 2010இல் வெளியிட்டனர்.

முடிவு எதிர்பார்த்ததற்கு மாறாக இருந்தது. கம்பெனி நடத்திய மாணாக்கரிடம் தொழில் திறமைகள் குறிப்பிடத்தக்கபடி உயரவில்லை. பிற்காலத்தில் சொந்தத் தொழில் தொடங்கவேண்டும் என்னும் எண்ணமோ, பாடம் இல்லாத ஊராரோடு ஒப்பிடக் குறைந்தே போயிற்று. தொழில் நடத்துவது எவ்வளவு கடினம், தமக்கு அதற்கு வேண்டிய குணங்கள் எவ்வளவு உண்டு என்பவற்றை மாணாக்கர் நேரில் கண்டு, முன்னிருந்த வீண் நம்பிக்கையை விட்டிருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர் கூறும் விளக்கம். ஜெர்மனியில் மூனிச் சர்வகலாசாலையில் கட்டாயமாக நடத்தப்பட்ட இத்தகைய பாடத்தைப் பற்றி அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆராய்ச்சியும் இதனோடு ஒத்துச் செல்கிறது. அங்கும் தொழில் தொடங்கும் எண்ணம் மொத்தத்தில் சற்றுக் குறைந்தது. ஆயினும் தமக்கு அது ஏற்றதா அன்றா என்பதை மாணாக்கர் தெளிந்துகொள்ள அப்பாடம் உதவிற்று.

இதைக் கேட்டு, இக்கல்வியே வீண் என்று முடிவு செய்தல் தவறு. நெல் விதைக்குமுன் விதையை உப்புக் கரைசலில் இடும் வழக்கத்தை விவசாயிகள் அறிவர். பதரும் அரைவிதையும் மேலே மிதக்கும். முற்றிய விதை அடியில் தங்கும். மிதந்ததைக் கண்டு கரைசலைக் குற்றம் கூறுவார் இல்லை. கல்லூரியில் சிறு அளவில் தொழில் செய்து பார்த்து, 'இது எனக்கு ஏற்றதன்று' என்று இருபது வயதில் ஒரு பிள்ளை தெளிவானாயின், அத்தெளிவு குடும்ப நிலத்தை அடமானம் வைத்தபின் முப்பது வயதில் வருவதைக் காட்டிலும் எவ்வளவோ நன்று. மேலும், விருப்பமில்லாதவரையும் உள்ளவரையும் ஒரே கட்டாயத்தில் பிணைப்பதனால் ஊக்கம் வளராது என்பதும் இதனால் விளங்குகிறது.

காகிதத்தில் திட்டம் எழுதுவதோடு நிற்கும் பயிற்சியின் பயனும் அளவுபட்டதே. ஆப்பிரிக்காவின் வடகரையிலுள்ள துனீசியா நாட்டில் 2009ஆம் ஆண்டு முதல், பட்டப்படிப்பின் இறுதியாண்டு மாணாக்கர் ஆய்வுக் கட்டுரைக்குப் பதிலாகத் தொழில் திட்டம் ஒன்றை எழுதலாம் என்று ஏற்பாடு செய்து, அதற்குரிய பயிற்சியும் அளித்தனர். ஓராண்டு கழித்துப் பார்த்தபொழுது சொந்தத் தொழிலில் இறங்கியோர் தொகை சிறிதளவு கூடியிருந்தது. நான்கு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபொழுது அந்த வேறுபாடும் மறைந்திருந்தது.

அயோவாவின் மாணாக்கர் பண்ணை

இவற்றுக்கு வேறான வழியொன்றை விவசாயக் கல்லூரி ஒன்றே காட்டியிருக்கிறது. அமெரிக்காவில் அயோவா மாகாணத்து ஏம்ஸ் நகரிலுள்ள சர்வகலாசாலையில் 1943ஆம் ஆண்டில் ஒரு பண்ணை தொடங்கப்பட்டது. 450 என்னும் எண்ணுள்ள பாடத்தின் பகுதியாக அமைந்தமையால், அந்த எண்ணாலேயே பண்ணையும் அழைக்கப்படுகிறது. அங்கே மாணாக்கர் பண்ணைக்கு வந்து வேடிக்கை பார்ப்பவர் அல்லர், அதை நிர்வகிப்பவர். எதைப் பயிரிடுவது, எப்பொழுது விற்பது, எந்தக் கருவியை வாங்குவது என்பனவற்றை மாணாக்கர் குழுக்களாகப் பிரிந்து ஆராய்ந்து, வகுப்பில் வாதித்து, வாக்கெடுத்து முடிவு செய்கின்றனர். பண்ணை தன் வரும்படியைக் கொண்டே தன் செலவை நடத்தவேண்டும். ஆகவே தவறான முடிவு செய்தால் மதிப்பெண் குறைவதோடு நில்லாது, பண்ணையின் பெட்டியிலும் பணம் குறைகிறது.

இப்பண்ணையின் சிறப்பு மூன்று. செய்யும் வேலை உண்மையானது. முடிவு செய்யும் உரிமை மாணாக்கருடையது. பலன் கணக்கில் உடனுக்குடன் தெரிகிறது. காக்கிநாடாவில் பயிற்சி எவரிடம் பலித்தது என்று மேலே கண்டோமோ, அங்கும் காரணம் இவைகளே.

நம் கல்லூரிகளில் நடைபெறும் பயிற்சி

இந்திய விவசாய ஆராய்ச்சிக் கழகம் 2015ஆம் ஆண்டு ஜூலை மாதம் 25ஆம் தேதி மாணாக்கர்க்கான 'ரெடி' என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. விவசாயப் பட்டப்படிப்பின் இறுதியாண்டில் மாணாக்கர் வகுப்பறையை விட்டு வெளியே வந்து பயில்வதற்கு இத்திட்டம் வகை செய்கிறது. இதில் இரண்டு பகுதிகள் கிராமத்தார்க்கு முக்கியமானவை. ஒன்று, மாணாக்கர் கிராமத்தில் தங்கி விவசாயி ஒருவருடன் சேர்ந்து வேலை செய்து கற்றல். மற்றொன்று, கல்லூரியிலேயே ஒரு தொழிலை எடுத்துக்கொண்டு உற்பத்தி முதல் விற்பனை வரை தாமே நடத்திக் கற்றல். இந்த இரண்டாவது பயிற்சியில் ஈட்டும் லாபத்தில் மாணாக்கர்க்கும் பங்கு உண்டு.

காளான் வளர்ப்பை உதாரணமாகக் கொள்ளலாம். வைக்கோலை 3 முதல் 5 சென்டிமீட்டர் நீளத் துண்டுகளாக நறுக்கி, 4 முதல் 6 மணி நேரம் நீரில் ஊறவைத்து, வெந்நீரில் வேகவைத்து, பிழிந்தால் நீர் சொட்டாத அளவுக்கு உலர்த்துகின்றனர். பின்பு பாலிதீன் பைகளில் அடுக்கடுக்காக நிரப்பி, ஒவ்வோர் அடுக்கிலும் காளான் வித்தைத் தூவுகின்றனர். 15 முதல் 20 நாட்களில் வெண்ணிறப் பூசண இழை பை முழுவதும் பரவுகிறது. அதன்பின் மொட்டுகள் தோன்றி, அறுவடை தொடங்குகிறது. வித்திட்டது முதல் 45 நாட்களுக்குள் ஒரு சுற்று முடிந்துவிடும். சிப்பிக் காளான் குளிர்ந்த இடத்தை விரும்பும். பால் காளான் வெப்பத்தைத் தாங்கும்.

இத்தொழிலைக் கல்லூரிகள் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வதற்குத் தக்க காரணம் உண்டு. தென்னை வைத்தவர் பலனைக் காணப் பல ஆண்டுகள் காத்திருக்கவேண்டும். காளான் பை வைத்தவர் தம் தவறு சரி இரண்டையும் ஒன்றரை மாதத்தில் காண்கிறார். பச்சைப் பூசணம் பிடித்த பைகளை எண்ணினால், வைக்கோலைச் சரியாக வேகவைக்காத நாள் எது என்று தெரிந்துவிடும். அடுத்த சுற்றில் திருத்திக்கொள்ளலாம். மேலும், பறித்த காளான் சாதாரணமாக ஒரு நாளுக்கு மேல் நல்ல நிலையில் இராது. ஆதலால் பறிக்குமுன்பே வாங்குவோரைத் தேடிவைக்கவேண்டும். உற்பத்தி செய்வது பாதி வேலை, விற்பது மறுபாதி என்பதை எந்தப் புத்தகமும் இவ்வளவு விரைவில் கற்பிக்காது. விற்காமல் மீந்த காளானைக் கண்ட மாணாக்கர், அடுத்த முறை காளானைக் காயவைப்பதைப் பற்றியும் சிப்பமிடுவதைப் பற்றியும் தாமாகவே கேட்டறிவர். ஆசிரியர் தூண்டாமலே எழும் அந்தக் கேள்விதான் ஊக்கத்தின் அடையாளம்.

ஆயினும் இப்பயிற்சி படிப்பின் ஒரு பருவத்தோடு முடிந்துவிடுகிறது. பட்டம் பெற்று வீடு திரும்பியபின் அதே ஊக்கம் நிலைப்பதும் அணைவதும் வீட்டாரைப் பொறுத்தவை.

நிலமுடையோர் செய்யத்தக்கவை

மேலே கூறிய சோதனைகளிலிருந்து வீட்டில் கடைப்பிடிக்கத்தக்க முறைகள் சில கிடைக்கின்றன.

1. பிள்ளைக்கென்று ஒரு சிறு பகுதியை ஒதுக்குக. பத்து ஏக்கர் உடையவர் அரை ஏக்கர் ஒதுக்கினால் அது நிலத்தில் இருபதில் ஒரு பங்கு. அதில் ஒரு போகம் முழுவதும் கெட்டாலும் குடும்பம் தாங்கும். நஷ்டம் தாங்கத்தக்கதாக இருப்பதே நடுத்தூரத்தில் நிற்பதாகும். எடுத்த எடுப்பில் நிலம் முழுவதையும் ஒப்படைப்பதும், ஒன்றும் கொடாதிருப்பதும் தவறு.

2. அப்பகுதியில் முடிவு செய்யும் உரிமை முற்றிலும் பிள்ளையினுடையதாக இருக்கட்டும். பயிர், ரகம், உரம், விற்கும் நாள் ஆகியவற்றில் பெரியோர் கேட்டால் ஆலோசனை கூறலாம், உத்தரவிடலாகாது. உரிமை பெயரளவில் மட்டும் இருக்குமாயின் இந்த ஏற்பாடு வீண்.

3. முதலை இனாமாகக் கொடாமல், திருப்பித் தரவேண்டிய நாளைக் குறித்துக் கடனாகக் கொடுக்கவேண்டும். வட்டி வாங்காவிடினும் தவணை இருக்கவேண்டும். இனாம் பணத்தில் செய்த தொழிலில் கணக்குப் பார்க்கும் வழக்கம் உண்டாவதில்லை.

4. தனிக் கணக்குப் புத்தகம் ஒன்று அவசியம். அதில் ரொக்கமாகக் கொடுத்த செலவோடு, வீட்டு ஆட்களின் உழைப்பு, சொந்தத் தொழுவுரம், நிலத்தின் குத்தகை மதிப்பு ஆகியவற்றையும் விலை போட்டு எழுதவேண்டும். இவற்றை விட்டுவிட்டால் நஷ்டமும் லாபம்போலத் தோன்றும். மாதம் ஒரு நாள் தகப்பனாரும் பிள்ளையும் உடன் அமர்ந்து கணக்கைப் பார்ப்பது நன்று.

5. ஒரு போகத்தைக் கொண்டு முடிவு செய்யலாகாது. மூன்று போகமாவது காலம் கொடுக்கவேண்டும். முதற்போகத்தில் கீரை, கொத்தமல்லி, நாற்றங்கால், காளான் போன்று விரைவில் பலன் தெரிபவற்றை எடுத்துக்கொள்வது நன்று.

6. நஷ்டம் வந்தால் ஊரார் முன் ஏசலாகாது. எதனால் நஷ்டம் வந்தது என்பதை மட்டும் கணக்கின்மூலம் கேட்கவேண்டும். மழை, நோய், சந்தை, கவனக்குறைவு ஆகிய நான்கில் எது காரணம் என்பதைப் பிள்ளையே எழுதிவைக்கட்டும்.

7. மூன்று போகம் கழித்தும் விருப்பமில்லை என்று பிள்ளை கூறினால் வற்புறுத்த வேண்டுவதில்லை. உத்தியோகத்தை நாடுவது குற்றமன்று. அவ்வாறு போனவரும், பிற்காலத்தில் நிலத்தின் கணக்கைக் கேட்டறியக்கூடியவராகவே போவார்.

மகள் விவசாயம் படித்திருப்பின் இவையனைத்தும் அவர்க்கும் பொருந்தும். மகனுக்கு மட்டுமே நிலத்தில் உரிமை என்று எண்ணி, படித்த மகளின் அறிவைப் பயன்படுத்தாது விடுவது குடும்பத்திற்கே நஷ்டம்.

பட்டதாரிகட்குரிய உதவி

சிறு அளவில் செய்து தேர்ந்தபின் தொழிலை விரிக்க விரும்புவோர்க்கு உதவியும் உண்டு. மத்திய சர்க்கார் 2002ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், விவசாயப் பட்டதாரிகள் விவசாய ஆலோசனை நிலையங்களும் விவசாயத் தொழில் மையங்களும் ஏற்படுத்துவதற்கான திட்டத்தைத் தொடங்கிற்று. ஐதராபாத்திலுள்ள தேசிய விவசாய விரிவாக்க நிர்வாக நிலையத்தின் மேற்பார்வையில், இதற்குக் கட்டணமின்றிப் பயிற்சி அளிக்கப்படுகிறது. பயிற்சி முடித்தோர் வங்கிக் கடன் கோரலாம். திட்டத்தின் திருத்திய விதிகளில் தனிநபர் தொழிலுக்கு 20 லட்சம் ரூபாய் வரையிலான மதிப்பீட்டிற்கு மானியம் வகுக்கப்பட்டது. பொதுப் பிரிவினர்க்கு மதிப்பீட்டில் நூற்றுக்கு 36 பங்கும், மகளிர்க்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினர்க்கும் நூற்றுக்கு 44 பங்கும் மானியம் என்பது விதி. மானியத்தை எண்ணித் தொழிலைத் தேர்ந்தெடுத்தல் தவறு. தொழிலைத் தேர்ந்து, அதில் கைப்பழக்கம் பெற்றபின் மானியத்தை நாடுவதே முறை. விண்ணப்பிக்குமுன் அவ்வப்பொழுதுள்ள விதிகளை வங்கியிலும் விவசாய இலாகாவிலும் கேட்டறிதல் வேண்டும்.

கிராம அதிகாரிகளின் கவனத்திற்கு

இறுதியாண்டு மாணாக்கர் கிராமத்தில் தங்கிப் பயில வரும்பொழுது முதலில் நாடுவது கிராம நிர்வாக அலுவலரையே. கிராமப் படம், அடங்கல், பாசனக் கிணறுகளின் விவரம் முதலியவற்றை அவர்கள் கேட்பர். இவற்றைக் காட்டி விளக்குவதோடு, எந்த விவசாயியிடம் அனுப்புவது என்பதிலும் அதிகாரிகள் கருத்துச் செலுத்தலாம். நிலம் மிகுதியாக உள்ளவரிடமே எல்லாரையும் அனுப்பாமல், கணக்கு எழுதும் வழக்கமுள்ளவரிடமும், புதிய பயிரை முயன்று வெற்றியோ தோல்வியோ கண்டவரிடமும் அனுப்பினால் மாணாக்கர் மிகுதியாகக் கற்பர். தோற்ற முயற்சியின் காரணத்தை ஒரு விவசாயி மனம் திறந்து கூறுவது, மாணாக்கர்க்கு அருமையான பாடம்.

மாணாக்கரை ஏற்கும் விவசாயியும், வந்தவரை விருந்தினராக எண்ணித் திண்ணையில் அமர்த்தலாகாது. வேலைக்காரராக எண்ணிக் களையெடுக்க மட்டும் அனுப்பவும் கூடாது. சந்தைக்குப் போகும்பொழுது உடன் அழைத்துச் சென்று, எடை, தரகு, வண்டிக்கூலி ஆகியவை எவ்வாறு கழிகின்றன என்று காட்டுவது நன்று. ஒரு மூட்டையின் விலையில் வீட்டுக்கு வந்து சேர்வது எவ்வளவு என்பதை அவர்கள் அங்கேதான் அறிவர்.

நிலம் தகப்பனார் பெயரில் இருக்க, பிள்ளை தன் பெயரில் கடன் பெற முயலும்பொழுது தடை உண்டாவது வழக்கம். குடும்பத்தினுள்ளேயே குத்தகைப் பத்திரம் எழுதிக்கொள்வது இதற்கு ஒரு வழி. ஓராண்டுக்கு மேற்பட்ட காலத்திற்கு எழுதும் குத்தகையைப் பதிவு செய்யவேண்டும் என்பதை அதிகாரிகள் எடுத்துரைக்கலாம். சிட்டா, அடங்கல் நகல்களில் பயிர் விவரம் சரியாக இருக்கும்படி உரிய காலத்தில் பதிந்து உதவுவதும் பேருதவியாகும். பட்டம் தப்பியபின் வரும் கடனால் பயிருக்குப் பயனில்லை.

முடிவுரை

ஊக்கத்தைச் சொற்பொழிவால் ஊட்ட முடியாது. உண்மையான வேலையும், தானே முடிவு செய்யும் உரிமையும், தாங்கத்தக்க நஷ்டமும், மறைக்காத கணக்கும் சேர்ந்த இடத்தில் அது தானே வளர்கிறது. கல்லூரி இவற்றை ஒரு பருவத்திற்கு அளிக்கிறது. அதன்பின் அளிக்கவேண்டியவர் வீட்டார். கல்லூரியில் பயிலும் பிள்ளையுள்ள குடும்பங்கள் வரும் ஆடிப்பட்டத்திற்கு முன் அரை ஏக்கரை அளந்து ஒதுக்கி, கணக்குப் புத்தகம் ஒன்றையும் வாங்கிக் கொடுத்து, இம்முறையைத் தொடங்கிப் பார்ப்பது நலம்.